ஏழு நிமிஷம் எண்ணுற பெட்டி

எத்தனை கிகாஹெர்ட்ஸுங்க தம்பி அது? மடியில வச்சிருக்கறீங்களே, அதைத்தான் கேட்டனுங்க. மூடிட்டீங்களா, நல்லதுங்க. ஊத்துக்குளி தாண்டற வரைக்கும் இந்த ரோட்டுல பஸ்ஸு குலுக்கித்தான் எடுக்கும். பெருந்துறைங்களா நீங்க? நானும் அந்தப்பக்கந்தானுங்க. அப்ப ஒட்டுக்காப் போலாம்.

நானும் உங்க தொழில்தானுங்க. ஆமாங்க, புரோகிராம். வேட்டியப் பாத்து ஏமாந்துராதீங்க. விசுவநாதன்னு பேரு. திருப்பூர் சுத்துவட்டாரத்துல சாயப்பட்டறைக்காரங்க எல்லாத்துக்கும் விசு சாருன்னாத்தான் தெரியும். நீங்கெல்லாம் வாரத்துக்கொருக்கா மாத்தி மாத்தி எழுதறீங்களாமா. என்னோட புரோகிராம் தொண்ணூத்தி நாலுல எழுதுனதுங்க. இன்னிக்கு வரைக்கும் ஒரு வரி மாத்தலை. பாஸ்கல்னு ஒண்ணு இருந்துது, கேள்விப்பட்டிருப்பீங்க. அதுல எழுதுனது. நீலக் கலர்ல ஸ்கிரீனு, மஞ்சள்ல எழுத்து. மவுஸு கிவுஸு ஒண்ணும் கெடையாது. எல்லாம் விரல்தான்.

சாயப்பட்டறை மெஷினு பாத்திருக்கீங்களா? பாலியஸ்டர் நூலுக்குச் சாயம் சும்மா ஏறாதுங்க. பெரிய இரும்புப் பானை, ஆள் உசரம் இருக்கும். நூலை உள்ள அடுக்கி, சாயத் தண்ணியை விட்டு, மூடியைப் போட்டு இறுக்கி, நூத்தி முப்பது டிகிரி வரைக்கும் சூடு ஏத்தோணும். நம்ம ஊட்டு குக்கர் மாதிரிதான், என்ன, குக்கருக்குள்ள நாலு பேரு நிக்கலாம். முடிஞ்சதும் ஆவியைத் தொறந்து உட்டுட்டுக் காத்திருக்கோணும். உள்ள அழுத்தம் இறங்குற வரைக்கும் மூடி மேல கை வைக்கப்படாது. மூடியைத் தொறக்க உடாமப் புடிச்சுக்க ஒரு பின்னு இருக்குதுங்க, அந்தப் பின்னை என்னோட பெட்டிதான் எடுத்து உடும். கம்ப்யூட்டரைத்தான் பெட்டிங்கறேன். எடுத்து உட்டுட்டு மூணு தடவை மணி அடிக்கும். மணி அடிச்சா ஆப்பரேட்டர் சக்கரத்தைச் சுத்தி மூடியைத் தொறப்பாரு. அவ்வளவுதான் சங்கதி.

எத்தனை நேரம் காத்திருக்கோணும்? வெளிர் நிறத்துக்கு மூணு நிமிஷம். கருப்புக்கு ஏழு நிமிஷம். கருப்புக்குத்தான் சூடும் அழுத்தமும் ஜாஸ்தி.

அந்த ஏழு நிமிஷத்தைப் பெட்டி எப்படிக் கண்டுபிடிக்கும்? அங்கதானுங்க நம்ம மூளை. எண்ணச் சொல்லிட்டேன். ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு சும்மா எண்ணிட்டே இருக்கோணும், வேற வேலை கெடையாது. எண்ணி முடிச்சா நேரம் ஆச்சுன்னு அர்த்தம். அந்தக் காலத்துப் பெட்டி ஒரு நிமிஷத்துக்கு மூணு கோடி எண்ணும். நானே வாட்சைக் கையில வச்சுட்டுப் பாத்து எழுதுன நம்பருங்க அது. ஏழு நிமிஷம்னா ஏழு மூணு இருபத்தியொரு கோடி. எண்ணி முடி, மணியை அடி.

பெட்டியிலயே கடிகாரம் இருக்குதே, அதைப் பாத்துருக்கலாமேங்கறீங்களா? எல்லாரும் இதையேதானுங்க கேக்கறாங்க. அந்தக் காலத்துப் பெட்டியில பேட்டரி தீந்து போச்சுன்னா கடிகாரம் எம்பதாம் வருசம் ஜனவரி ஒண்ணாந் தேதிக்குப் போய் நின்னுக்கும். நம்ம ஊர்ல அன்னிக்குக் கரண்டு இருந்த லட்சணத்துக்கு அதை நம்பி ஒரு ஆளை மூடிகிட்ட நிறுத்த முடியுங்களா? ஆளோட உசுருங்க அது. அதையெல்லாம் ரோசனை பண்ணித்தான் எண்ணிக்கை வச்சேன்.

ஒரே ஒரு தொந்தரவு. பெட்டி மாத்துனா நம்பரை மாத்தோணும். புதுப் பெட்டி வேகமா எண்ணிருமில்லீங்களா. அதுக்குத் தனியா ஒரு ஃபைல் வச்சிருக்கேன், அதுல ஒரே ஒரு நம்பர். நிமிஷத்துக்கு எத்தனை கோடின்னு. மூணுல ஆரம்பிச்சுது. அடுத்து வந்த பெட்டிக்கு எட்டு. அதுக்கடுத்து இருபத்திரண்டு. ஒவ்வொருக்காவும் நான்தான் போவேன். வாட்சைக் கழட்டி மேசை மேல வச்சுட்டு, ஒரு டீ சொல்லிட்டு, ஒரு நிமிஷம் ஓட்டிப் பாத்து நம்பரைத் திருத்திட்டு வருவேன். ஒம்பது பட்டறைங்க. இருபத்தெட்டு வருசமுங்க. ஒரு நாள், ஒரே ஒரு நாள்கூட, அந்த மணி தப்பா அடிச்சதில்லை.

அதனால என்ன ஆச்சுன்னா, அழுத்தம் காட்டற கேஜை யாரும் பாக்கறதில்லை. தேவராசு பட்டறையில கேஜ் முள்ளு ஒரே எடத்துல நின்னு அஞ்சாறு வருசம் இருக்கும். பொங்கியண்ணன்னு அங்க ஒரு ஆப்பரேட்டரு, அவரு ஒரு தடவை சொன்னாரு, "சார், இந்தக் கேஜை மாத்தச் சொல்லுங்க சார் மொதலாளிகிட்ட"ன்னு. நான்தான் சிரிச்சேன். "எதுக்குங்க பொங்கியண்ணா? பெட்டி இருக்குது, பாத்துக்கும்"னேன். அவரும் சிரிச்சாரு. நல்ல மனுசனுங்க. நான் போனா அவரு சாப்பாட்டுப் போசியைத் தொறந்து பாதியை எடுத்து வச்சுட்டுத்தான் மறுவேலை. அவரு சம்சாரம் பாவாத்தா வைக்கற கொள்ளுக் குழம்பு இருக்குதே, அதைச் சொன்னா இப்பவே பசிக்கும்.

என்னங்க, வண்டி நிக்குது? சிக்னலும் இல்லை ஒண்ணும் இல்லை. ஓ, ரோட்டை வெட்டிப் போட்டிருக்கானுங்க. போயிரும் போயிரும்.

எங்க உட்டேன்? ஆ. இந்தப் பங்குனி முடியறப்ப தேவராசு பட்டறைப் பெட்டி வெந்து போச்சுங்க. பதினாறு வருசத்துக்கு முன்னால செகண்ட்ஹேண்டுல வாங்குன பெட்டி. தேவராசு என்னைக் கூப்பிட்டு, "விசு சார், போதும் சார், இதைத் தூக்கிப் போட்டுட்டு ரெடிமேடா வர்ற கண்ட்ரோல் ஒண்ணு வாங்கி மாட்டிக்கலாம், எல்லாரும் அதைத்தான் வைக்கறாங்க"ன்னான். எனக்கு எப்படி இருந்திருக்கும் பாருங்க. அவங்கப்பன் காலத்துல இருந்து இந்தக் கையில ஓடற மெஷினுங்க. "தேவராசு, ஓடற குதிரையை எதுக்கு மாத்தறீங்க? பெட்டியை மட்டும் வாங்குங்க, மிச்சத்தை நான் பாத்துக்கறேன்"னேன். மொகத்துல ஒரு யோசனை இருந்துது அவனுக்கு. இருந்தாலும் பெரியவங்க பேச்சைத் தட்டாத பையன், சரின்னுட்டான்.

புதுப் பெட்டி வந்துது. உங்களுது மாதிரிதான், வேகம்னா வேகம். அதுக்குள்ள பழைய டாஸ் பெட்டி மாதிரியே நடிக்கற ஒரு சாஃப்ட்வேரைப் போட்டு, அதுக்குள்ள என்னோட புரோகிராமை உட்டேன். உட்டதும் நின்னு போச்சுங்க. இருநூறாம் நம்பர் தப்பு, பூஜ்யத்தால வகுத்தாச்சுன்னு ஒரு வரி. மறுக்கா ஓட்டுனேன், மறுக்கா அதே வரி. நான் எங்கீங்க பூஜ்யத்தால வகுத்தேன்? பொறவு தேடிப் பாத்தா, அந்தப் பழைய பாஸ்கல் ஒரு காரியம் பண்ணுதுங்க. நம்ம புரோகிராம் ஆரம்பிக்கறதுக்கு முன்னாலயே பெட்டி எத்தனை வேகம்னு அதுவாவே அளந்து பாக்கும். இந்தப் புதுப் பெட்டியோட வேகம் அது எழுதி வைக்கற எடத்துல கொள்ளலை. கொள்ளலைன்னதும் பயந்துட்டு, நான் ஓட மாட்டேன்னு ஒக்காந்துக்குது. சரியான பயந்தாங்கொள்ளி. அதை அடக்கறதுக்கு எவனோ ஒரு புண்ணியவான் ஒரு சின்ன ஒட்டு, பேட்ச்சும்பாங்க, எழுதி இன்டர்நெட்டுல போட்டிருந்தான். அதைப் போட்டேன், வாயை மூடிட்டு ஓடுச்சு.

பொறவு வாட்சைக் கழட்டி வச்சேன். நிமிஷத்துக்கு அம்பது கோடி எண்ணுச்சுங்க. அம்பது கோடி! மூணுல இருந்து அம்பதுக்கு வந்துட்டோம் பாத்துக்கங்க. ஃபைல்ல அம்பதுன்னு போட்டேன். பொங்கியண்ணன் பக்கத்துலயே நின்னாரு. மூணு நிமிஷம் வச்சு ஓட்டிக் காட்டுனேன். வாட்சுல முள்ளு மூணாவது சுத்து முடிக்குது, மணி அடிக்குது. ஒரு செகண்டு முன்னப்பின்ன இல்லை. "சாருன்னா சாருதானுங்க"ன்னாரு. அந்த வாரமே பெருந்துறைக்கு இந்தப்பக்கம் இருக்கற பட்டறைக்காரங்க போன் பண்ணி, நாங்களும் அதே பெட்டி வாங்கியிருக்கறோம்னாங்க. எதுக்கு வேலை மெனக்கெட்டுப் போறதுன்னு, ஒட்டையும் சொல்லி, நம்பர் அம்பதுன்னு போன்லயே சொல்லிட்டேன். பன்னண்டு நாள் தேவராசு பட்டறை ஜோரா ஓடுச்சுங்க. கொழந்தைத் துணி ஆர்டரு. ரோஸு, இளநீலம், இளமஞ்சள். எல்லாம் மூணு நிமிஷம்.

பதிமூணாம் நாள் கருப்பு ஏத்துனாங்க.

நான் அன்னிக்கு அங்க இல்லீங்க. ஊட்டுல சாப்பிட்டுட்டு இருந்தேன். தேவராசு போன் பண்ணி, "சார், வாங்க"ன்னான். அவ்வளவுதான் சொன்னான். குரலே வேற மாதிரி இருந்துது. போய்ப் பாத்தா பட்டறை பூராவும் கருப்புத் தண்ணி. கூரைத் தகரத்துல இருந்து சொட்டுது. செவுத்துல, தொங்கற லைட்டுல, எல்லாத்துலயும் கருப்பு. ஆளுங்க வெளிய கூட்டமா நிக்கறாங்க. பொங்கியண்ணனை அதுக்குள்ள ஆஸ்பத்திரிக்குக் கொண்டுட்டுப் போயிட்டாங்க. அவரோட செருப்பு ஒண்ணு மெஷினுக்கு அடியில கெடந்துது. மூடி பாதி தொறந்து தொங்குது. ஆவி நின்னு போயிருந்தாலும் அந்த எடம் சுட்டுச்சுங்க.

"பெட்டியை ஒருக்காப் பாத்துருங்க சார், நாளைக்கு விசாரணைக்கு ஆபீசர் வர்றாரு"ன்னான் தேவராசு.

தனியா உள்ள போய் ஒக்காந்தேன். ஏழு நிமிஷம்னு போட்டு, வெறும் பெட்டியை ஓட்டுனேன். வாட்சைக் கழட்டறதுக்குள்ள மணி அடிச்சிருச்சுங்க.

நீங்க படிச்சவரு, உங்களுக்கு இந்நேரம் தெரிஞ்சிருக்கும். எனக்கும் சட்டுனு தெரிஞ்சு போச்சு. ஏழு அம்பது முன்னூத்தி அம்பது கோடி. எண்ணிக்கைக்கு நான் குடுத்திருக்கற எடத்துல இருநூத்திப் பதினாலு கோடி வரைக்குந்தான் கொள்ளும். அதுக்கு மேல போனா நிக்காதுங்க, அப்படியே கவுந்து மைனஸ் ஆயிரும். மைனஸ் வரைக்கும் எண்ணுன்னா அது எதை எண்ணும்? ஒண்ணுகூட எண்ணாது. முடிஞ்சுதுன்னு மணியை அடிச்சிரும். மூணு நிமிஷத்துக்கு நூத்தி அம்பது கோடி, உள்ள கொண்டுச்சு, ஜோரா ஓடுச்சு. ஜாஸ்தி நேரம் காத்திருன்னு சொன்னாத்தான் காத்திருக்கவே இல்லை. தொண்ணூத்தி நாலுல எவனுக்குங்க தெரியும் ஒரு பெட்டி இப்படி எண்ணும்னு? அன்னிக்கு இருநூறு கோடின்னா அது எங்களுக்குக் கடல் மாதிரி. இந்த வேகத்தைக் கண்டுபிடிச்சவனைத்தானுங்க கேக்கோணும்.

ஏழு நிமிஷத்தை நீங்க ஓட்டிப் பாக்கலையாங்கறீங்களா? ஒண்ணு சரியா இருந்தா ஏழும் சரியா இருக்குமில்லீங்களா. இருபத்தெட்டு வருசம் இருந்துதுங்களே.

சரி, நடந்தது நடந்து போச்சு. முதல்ல மெஷினைச் சரி பண்ணோணுமில்லீங்களா? இன்னொரு ஆளு போய் மாட்டிக்கப்படாதில்ல? அந்த நடிக்கற சாஃப்ட்வேர்ல வேகத்தைக் கொறைக்க ஒரு வழி இருக்குது. கொறைச்சேன். நிமிஷத்துக்குப் பத்து கோடிக்கு வந்துது. ஃபைல்ல அம்பதை எடுத்துட்டுப் பத்துன்னு போட்டேன். ஏழு பத்து எழுபது கோடி, ஒரு தொந்தரவும் இல்லை. ஏழு நிமிஷம் வச்சு ஓட்டுனேன், ஏழு நிமிஷம் நின்னு மணி அடிச்சுது. எனக்கு அப்பத்தான் மூச்சே வந்துது. கடமையைச் செஞ்சுட்டோம்னு ஒரு நிம்மதி.

மக்யா நாள் காலைல ஆபீசர் வந்தாரு. நல்ல மனுசன், அவசரமில்லாத ஆளு. செல்போன்ல நேரம் வச்சுட்டு, "ஏழு நிமிஷம் ஓட்டுங்க"ன்னாரு. ஓட்டுனோம். எல்லாரும் சுத்தி நின்னு பெட்டியைப் பாத்துட்டு இருக்கறோம். அந்த ஏழு நிமிஷம் போறதுக்குள்ள எனக்குச் சட்டையெல்லாம் நனைஞ்சு போச்சுங்க. ஏழு நிமிஷம் ரெண்டு செகண்டுல மணி அடிச்சுது. ஆபீசர் எழுதிக்கிட்டாரு. பின்னைக் கையால எடுத்து உடறதுக்கு ஒரு லீவர் இருக்குதுங்க, பெட்டி மக்கர் பண்ணுனா எடுக்கறதுக்கு. "பொங்கியண்ணன் அதைத் தட்டிட்டாரோ என்னமோ"ன்னான் தேவராசு. "அவசரம்"னாரு ஆபீசர். அப்படியே எழுதிக்கிட்டாரு.

நான் ஒரு பொய் சொல்லலீங்க. என்னை யாரும் ஒண்ணும் கேக்கலை. கேட்டிருந்தாச் சொல்லியிருப்பேன். ஆபீசர் கெளம்பறப்ப, "புரோகிராம்ல ஒண்ணும் கோளாறு இல்லையே?"ன்னாரு. "நீங்களே பாத்தீங்களே சார்"னேன். அவரு பாத்தாருதானுங்களே? அதுல என்ன பொய்யி?

இப்படிப் பாக்காதீங்க தம்பி. என்னைக் கல்நெஞ்சுன்னு நெனைக்கறீங்க. மறுவாரமே போனனுங்க ஆஸ்பத்திரிக்கு. சாத்துக்குடி வாங்கிட்டுப் போனேன். மொகம் பூராக் கட்டு. கண்ணு ரெண்டும் போச்சுன்னு பாவாத்தா வெளியவே வச்சு எங்கிட்டச் சொல்லிருச்சு. அவருக்கு இன்னும் சொல்லலையாமா. குரலை வச்சே என்னைக் கண்டுபுடிச்சுட்டாரு. "விசு சாருங்களா? ஒக்காருங்க சார்"னாரு. அந்த நெலமைலயும் "பாவாத்தா, சாருக்கு ஒரு டீ வாங்கிட்டு வா"ங்கறாரு.

பொறவு, "சார், மணி அடிச்சுதுங்க சார்"னாரு. நான் சாத்துக்குடிப் பையை மேசை மேல வச்சேன். "அடிச்சாப்பலதானுங்க இருந்துது. எல்லாரும் அடிக்கலைங்கறாங்க. லீவரை நான் தொடவே இல்லைங்க சார். பன்னண்டு நாளா மூணு நிமிஷத்துக்கே பழகிப் போச்சு, கையி தானாப் போயிருச்சுங்களோ? நான்தான் அவசரப்பட்டுட்டனோ? நீங்க சொல்லுங்க சார், உங்களுக்குத்தான் அந்தப் பெட்டியப் பத்தித் தெரியும்"னாரு.

"அப்படித்தான் இருக்கும் பொங்கியண்ணா. ஆனது ஆச்சு, வெசனப்படாதீங்க"ன்னேன்.

வேற என்னங்க சொல்லட்டும்? கண்ணு போன மனுசன்கிட்டப் போய் கோடிக் கணக்கும் மைனஸ் கணக்கும் சொல்லீட்டு இருக்க முடியுங்களா? சொன்னாக் கண்ணு வந்துருமா? ஒருத்தரு பொழப்பு போச்சு, இன்னொருத்தரு பொழப்பும் சேந்து போகோணுமா? எனக்கும் பேரு இருக்குது, ஒம்பது பட்டறை இருக்குது. ஒரு காரணம் தெரிஞ்சா அவருக்கும் மனசு அடங்குமில்ல? அடங்குன மாதிரித்தான் இருந்துது. "அப்ப என் தப்புதான்"னு சொல்லிட்டு, செவுத்துப்பக்கம் திரும்பிக்கிட்டாரு. பாவாத்தா டீயோட வந்து என்னையவே பாத்துட்டு நின்னுது. "ஊர்ல எல்லாரும் இவரைக் குத்தஞ் சொல்றாங்க சார். நீங்களாச்சும் மொதலாளிகிட்ட எடுத்துச் சொல்லுங்க, இவரு அப்படி அசால்ட்டான ஆளில்லைன்னு"ங்குது. சொல்றேன் சொல்றேன்னுட்டு வந்தேன். படி எறங்கறப்ப அழுதுட்டனுங்க. உண்மையாலுமே அழுதேன்.

வண்டி இன்னும் எடுக்கலீங்களா? லாரி ஒண்ணு குறுக்கால மாட்டிக்கிட்டானாமா. மணி என்னங்க ஆச்சு? ஒண்ணே முக்காலா. சரி சரி. நேரம் இருக்குது.

நான் எதுக்குப் பெருந்துறை போறேன்னு கேக்கவே இல்லையே நீங்க. அந்தப் பட்டறைக்குத்தானுங்க. போன்ல அம்பதுன்னு சொன்னேன்னு சொன்னேனில்லீங்களா, அவங்கதான். இந்தக் கலவரத்துல எனக்கு அது ஞாபகமே இல்லை. மத்த ஏழு பட்டறையிலும் இன்னும் பழைய பெட்டிதான், இருபத்திரண்டு கோடிதான், பயமில்லை. இங்க மட்டுந்தான் அம்பது. இவங்களும் இத்தனை நாளா வெளிர் நிறமாவே ஓட்டிட்டு இருந்திருக்கறாங்க, சாமி புண்ணியம். நேத்துப் பொழுதோட அந்த ஆப்பரேட்டர் ராசப்பன் வேற எதுக்கோ போன் பண்ணுனவன், "நாளைக்குத்தானுங்க சார் மொத தடவையாக் கருப்பு ஏத்தறோம் இந்தப் பெட்டியில"ன்னான். எனக்கு அப்பத்தான் அந்த அம்பது ஞாபகமே வந்துது.

அப்பவே சொல்லியிருக்கலாமேங்கறீங்க. என்னன்னுங்க சொல்றது? கருப்பு ஏத்தாதீங்கன்னா ஏன்னு கேப்பான். நம்பரை மாத்துன்னா ஏன்னு கேப்பான். தேவராசு பட்டறையில நடந்தது இந்தப்பக்கம் பூராத் தெரியுங்க. ரெண்டையும் ரெண்டையும் கூட்டறதுக்கு எத்தனை நேரம் ஆவும்? அதான் நேராவே போயி, சும்மா வந்தாப்பல ஒக்காந்து, வேகத்தைக் கொறைச்சு, பத்துன்னு போட்டுட்டு, ஒரு டீயைக் குடிச்சுட்டு வந்தர்லாம்னு கெளம்பிட்டேன். யாருக்கும் ஒண்ணும் தெரியாது, யாருக்கும் ஒண்ணும் ஆவாது. நல்ல வழிதானுங்களே?

காலைலயே கெளம்பியிருப்பனுங்க. தங்கச்சி பேத்திக்குக் காதுகுத்து, மூத்தவன் நான் இல்லாம எப்படி நடத்துவாங்க? பந்தியில ஒக்காராமக்கூட ஓடி வந்தேன். கணக்குப் போட்டுத்தான் வந்திருக்கேன், தம்பி. பத்து மணிக்குக் கருப்பு ஏத்துனான்னா நாலு மணி நேரம். ரெண்டு மணிக்குத்தான் ஆவியை உடுவான். ஒண்ணரைக்கெல்லாம் நான் அங்க இருந்திருக்கோணும். ரோட்டை வெட்டி வச்சிருந்தா நான் என்னங்க பண்ணட்டும்?

எறங்கி நடக்கலாமா? இன்னும் எட்டு மைல் இருக்குதுங்க.

இல்லீங்க, போன் வேண்டாம். சொல்றதைக் கேளுங்க. ரெண்டு மணின்னா ரெண்டு மணிக்கா முடிப்பான், முன்னப்பின்ன ஆவும். ராசப்பன் நிதானமான ஆளு. ரெண்டு பொட்டப் புள்ளைங்க அவனுக்கு, பெரியவளுக்குப் போன ஆவணிலதான் கல்யாணம் பண்ணுனான், நான்கூடப் போயிருந்தேன். எதுன்னாலும் எங்கிட்ட ஒரு வார்த்தை கேக்காமச் செய்ய மாட்டான்.

பாத்தீங்களா, சொல்லி வாயை மூடலை. அவன்தான். ஒரு நிமிஷமுங்க.

ஹலோ, ராசப்பா, சொல்லு. வந்துட்டே இருக்கேம்ப்பா, ரோடு அடைப்பு... என்னது? அடிச்சிருச்சா? எப்ப?... ஆவியை உட்ட ஒடனேயா... ம். ம். கேக்குதுப்பா, சொல்லு.

மணியா? மணியெல்லாம் சரியாத்தாம்ப்பா இருக்கும். என்னோட மணி என்னிக்கு தப்பா அடிச்சிருக்குது?... இல்லை, எதுக்கும் நீ சித்த பொறு. ஒரு பத்து நிமிஷம். சும்மாத்தான், நான் வந்தர்றேனில்ல... பொங்கியண்ணனா? அது அவரு அவசரப்பட்டுட்டாருப்பா. மணி மேல ஒரு தப்பும் இல்லை. ஆபீசரே வந்து பாத்துட்டுப் போனாரு... ஆமாப்பா, மணி சரிதான்... ஹலோ? ராசப்பா? ஹலோ?

வச்சுட்டான்.

ஒண்ணுமில்லீங்க. ஆவியை உட்டுட்டுக் கையை எடுக்கறதுக்குள்ள மணி அடிச்சிருச்சாமா, அதான் பயந்துட்டுக் கேட்டான். நான் பொறுக்கச் சொன்னேனில்லீங்களா, நீங்களும் கேட்டீங்கதானே? கேட்டீங்க. அதுக்கு அவன், "மணி சரின்னு நீங்க சொன்னாப் போதுமுங்க சார், மாத்து ஆளு வந்து நிக்கறான், அவனைத் தொறக்கச் சொல்லிட்டு நான் சாப்பிடப் போறேன்"னுட்டு வச்சுட்டான்.

கையை உடுங்க தம்பி. எல்லாரும் பாக்கறாங்க. கூப்பிடு கூப்பிடுன்னா, மறுக்காக் கூப்பிட்டு நான் என்னன்னுங்க சொல்றது? இப்பத்தானுங்களே மணி சரின்னு சொன்னேன்.